சரியான பாரம்

செத்துப்போன ஒருவர் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டு அர்த்தம் சொல்வதற்காக நான் லண்டன் போனேன். அதற்கு முன் வெளிநாடு என்று நான் பார்த்தது சோவியத் ரஷ்யா ஒன்றுதான், அதுவும் விமானப்படை அனுப்பியதால். அங்கே பனியில் நின்றுகொண்டு இல்யூஷின்-76 என்ற பெரிய சரக்கு விமானத்தைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டேன். கூடவே ரஷ்ய மொழியும் ஒட்டிக்கொண்டது. ஓய்வுபெற்றுத் தாம்பரத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவனை, ரஷ்ய மொழி தெரிய வேண்டும், அந்த விமானம் தெரிய வேண்டும், தமிழும் தெரிய வேண்டும் என்று பொருத்தம் பார்த்து அங்கத்திய விசாரணை அலுவலகத்தார் தேடிப் பிடித்திருந்தார்கள். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஆப்பிரிக்காவில் ஓர் ஊரிலிருந்து கிளம்பிய இல்யூஷின் மேலே ஏற முடியாமல் பக்கத்து வயலில் விழுந்தது. ரஷ்ய மொழி பேசும் விமானக் குழுவினர் எல்லோரும் இறந்தார்கள். அவர்களோடு கருணாகரன் என்ற யாழ்ப்பாணத் தமிழரும் இறந்தார். லண்டனில் குடியிருந்தவர், சரக்கு ஏற்றும்போது எடையைப் பார்க்க வேண்டியவர். அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியதால்தான் விழுந்தது என்பது முடிவாகிவிட்டது. அது யாருடைய தவறு என்பதுதான் மிச்சம். சரக்கை அனுப்பியது லண்டன் கம்பெனி என்பதால் விசாரணை அங்கே. விமானி அறையின் குரல்பதிவில், கிளம்புவதற்கு முன் கருணாகரன் கைபேசியில் தமிழில் பேசியதும் விழுந்திருந்தது. அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்.

விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப்போனவர் தயாபரன். கருணாகரனின் மனைவி வதனிக்குக் கூடப்பிறந்த அண்ணன். சரக்கு அனுப்பும் கம்பெனியும் அவருடையதுதான். அன்று கருணாகரன் கைபேசியில் பேசியதும் இவரோடுதான். இதையெல்லாம் அவரே காரில் ஏறியதும் சொல்லிவிட்டார். "பாரம் சரி எண்டு சொன்னவர் ஐயா. நானும் நம்பினன். பாவம் மனுசன்" என்றார். கறுப்புக் கோட்டு, களைத்த முகம், பணிவான பேச்சு. விசாரணை தொடர்பான ஒருவர் வீட்டுக் காரில் நான் ஏறியிருக்கக் கூடாது என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெளியே அடித்த குளிரில் எதுவும் உறைக்கவில்லை.

அவர் விமானங்களைப் பற்றிக் கேட்டார். என்னிடம் அதைக் கேட்பது மதகைத் திறந்துவிடுவது மாதிரி. ரஷ்யர்கள் பயணிகள் விமானத்தையும் படை விமானத்தையும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் என்று ஆரம்பித்தேன். குண்டு போடுகிற விமானத்தை எடுத்து, உடம்பைக் கொஞ்சம் பருமனாக்கி, உள்ளே நாற்காலி போட்டுத் தங்கள் முதல் ஜெட் பயணிகள் விமானத்தைச் செய்துகொண்டார்கள். அதனால்தான் பல காலம் அவர்களுடைய பயணிகள் விமானங்களுக்குக்கூட மூக்கில் கண்ணாடி இருக்கும். அதற்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து தரையைப் பார்த்து வழி சொல்வார். முன்னால் பூப்போட்ட சட்டைக்காரி ஒருத்தி தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு இரண்டு கெஜம் தள்ளிப் போர்க்காலத்து நாற்காலி.

ஆன்டனோவ் வகைகள் இதற்கு நேர்மாறாக வளர்ந்தன. முதலில் பயணிகளுக்கென்று ஒன்று செய்தார்கள். பிறகு அதன் வாலுக்கடியில் கதவு வெட்டிச் சரக்கு விமானமாக்கினார்கள். எங்கள் படைக்கு மலையும் வெயிலும் சேர்ந்த இடங்களில் பறக்க வேண்டும் என்றதும், அதே உடம்பில் இன்னும் பெரிய இயந்திரங்களை இறக்கைக்கு மேலே தூக்கிவைத்து மூன்றாவதைப் பெற்றெடுத்தார்கள். இல்யூஷின்-76 பிறந்தது சாலையே இல்லாத சைபீரியாவுக்காக. உயரத்தில் இறக்கை, அதன் கீழே நான்கு ஜெட், வயிற்றுக்கடியில் சக்கரம் சக்கரமாக. சேற்றில் இறங்கும், பனியில் இறங்கும்.

"அப்ப கொஞ்சம் கூட ஏத்தினாலும் தாங்கும்தானே ஐயா?" என்று கேட்டார் தயாபரன்.

"கொஞ்சமா? மாடு மாதிரி சார் அது. வெள்ளைக்காரன் பிளேன் முனகிட்டு நிக்கிற இடத்துல இது பாட்டுக்கு எந்திரிச்சுப் போகும்" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. சிக்னலில் நின்றபோது அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். நானும் அதே பதிலை இன்னும் மசாலா போட்டுச் சொன்னேன். இல்ஃபோர்டில் ஒரு சின்ன விடுதியில் என்னை இறக்கிவிட்டுப் போனார். ராத்திரிச் சாப்பாடு முக்கோணமாக வெட்டிய ரொட்டி, உள்ளே ஈரமான வெள்ளரிக்காய். ஜுரக்காரனுக்குக்கூட எங்கள் ஊரில் இதைவிட நல்லதாகக் கொடுப்பார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு ரயிலில் போனேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் மன்னிப்புக் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. பெட்டி முழுக்க ஆட்கள், ஒரு சத்தம் இல்லை. தாம்பரம் வண்டியாக இருந்திருந்தால் இதற்குள் நாலு பேர் இறங்கித் தண்டவாளத்தில் நடந்திருப்பார்கள், நாலு பேர் ரயில்வே மந்திரியின் பரம்பரையை இழுத்திருப்பார்கள்.

என் மடியில் இல்யூஷினின் வரைபடம் இருந்தது. பக்கத்தில் சிமெண்ட் படிந்த பூட்ஸோடு உட்கார்ந்திருந்த ஆள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரஷ்ய மொழியில் வணக்கம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பதில் அதே மொழியில்தான் வந்தது.

"நான் உக்ரைன்காரன். ராணுவத்தில் இருந்தபோது இதில் ஏறியிருக்கிறேன். எதற்கு உனக்கு இது?"

ரஷ்ய விமானங்களில் வேலை பார்த்தவன், ஆன்டனோவும் தெரியும், இதுவும் தெரியும் என்றேன்.

"ஆன்டனோவை ரஷ்ய விமானம் என்று சொல்லாதே. அது கீவில் பிறந்தது. இதைச் செய்தது தாஷ்கண்டில். எல்லாம் ஒரே நாடாக இருந்தபோது எல்லோரும் சேர்ந்து செய்தோம். இப்போது இதே விமானம் எங்கள் ஊரை இடிப்பதற்கு ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாடு உடைந்தபோது இந்த விமானங்கள் அநாதைகளாகிப்போனதை நான் அறிவேன். இயந்திரம் ஒரு நாட்டில், இறக்கை ஒரு நாட்டில், வரைபடம் வேறொரு நாட்டில். யார் யாரோ வாங்கி, வாலில் ஏதோ ஒரு கொடியை வரைந்து, ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, வெயில் தேசங்களில் ஓட்டினார்கள். கருணாகரன் ஏறியதும் அப்படி ஒன்றுதான். வண்டி நகர்ந்தது. அந்த மனிதர் இறங்கும்போது தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

விசாரணை அலுவலகத்தில் ஹெலன் என்ற அம்மையார் காத்திருந்தார். நரைத்த குட்டை முடி, பேச்சில் ஒரு சொல் அதிகம் இல்லை. காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தார். முதலில் ரஷ்யக் குரல்கள். யாரோ டீ கேட்கிறார்கள். விமானி யாரையோ கிண்டல் செய்கிறார். "இவள் எல்லாவற்றையும் தூக்கிவிடுவாள்" என்று சொல்லிச் சிரிக்கிறார். அவர்களுக்கு இயந்திரம் பெண்பால். பிறகு கொஞ்சம் தள்ளி, கதவோரத்திலிருந்து, அந்தத் தமிழ்க் குரல்.

"ஓம் அண்ணை... ஓம். சரியான பாரம் அண்ணை." பிறகு நெடுநேரம் மௌனம், மறுமுனை பேசுகிறது. "சரி... சரி அண்ணை. அப்ப வைக்கிறன்."

நிதானமான குரல். இன்னும் சற்று நேரத்தில் இல்லாமல் போகப்போகிறவரின் குரல் என்பது அதில் எங்குமே இல்லை.

முன்பே ஒரு மொழிபெயர்ப்பாளர், சென்னைக்காரர், இதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்: எடை சரியாக இருக்கிறது, அண்ணா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஹெலன் கேட்டார். அதேதான் என்றேன். சந்தேகம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எடையைத் தவறாகச் சரிபார்த்தது அவர்தான் என்று அறிக்கை போகும் என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து, காகிதக் கோப்பையில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். வந்த வேலை முடிந்தது என்ற திருப்திகூட இருந்தது எனக்கு.

அன்று மாலை, பக்கத்தில் செவன் கிங்ஸ் என்ற இடத்தில் வதனியின் வீட்டில் சாப்பாடு. தயாபரன்தான் அழைத்துப்போனார். நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர் அது. வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் குப்பைத் தொட்டிகள், உள்ளே சாம்பிராணி வாசம். வதனி நாற்பதை ஒட்டியவள். சூப்பர் மார்க்கெட்டில் ஷிப்ட் முடித்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சமைத்திருந்தாள். இடியப்பம், சொதி, கணவாய்க் கறி, சம்பல். நேற்று தின்ற ஈர ரொட்டியின் பாவமெல்லாம் முதல் வாயிலேயே கழுவப்பட்டது.

"ஐயா, நீங்கள் அவரின்ரை குரலைக் கேட்டனீங்களே?" என்றாள் வதனி. "எனக்குக் கேக்க விடேல்லை. தேவையில்லை எண்டு அண்ணையும் சொன்னவர்."

"சாப்பிடேக்கை அதைக் கதைக்க வேண்டாம், வதனி" என்றார் தயாபரன்.

"இல்லை அண்ணை. கோயிலுக்குப் போனால் சனம் என்னைப் பாக்கிற பார்வை உங்களுக்குத் தெரியாது. அத்தனை பேரைச் சாகடிச்சவன்ரை மனுசி எண்டு பாக்குதுகள். அந்த விமானியின்ரை மகள் எனக்கு எழுதினவள், உங்கடை கணவருக்கு எண்ணத் தெரியாதோ எண்டு. அவர் என்ன சொன்னவர் எண்டாவது எனக்குத் தெரிய வேணும்."

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். "குரல் நல்லாத்தான் இருந்ததும்மா. பயம் எதுவும் இல்ல. 'சரியான பாரம் அண்ணை'ன்னு சொல்றார். எடை சரியா இருக்குன்னு அவர் மனசார நம்பியிருக்கார். தெரிஞ்சு செஞ்ச தப்பு இல்ல."

வதனி கரண்டியைச் சொதிக்குள் விட்டாள்.

"சரியான பாரம் எண்டே சொன்னவர்?"

"ஆமாம்மா."

"ஐயா, அது பாரம் சரி எண்டு இல்லை. பாரம் கூடிப்போச்சு எண்டு. சரியான குளிர், சரியான சனம் எண்டு சொல்லுறம்தானே. நல்லா... மெத்தக் கூட எண்டு."

நாங்களும் சரியான மழை என்போம், சரியான அடி என்போம். தெரியாத வழக்கம் இல்லை. ஆனால் எடை பார்க்க வேண்டியவர், எடையைப் பற்றி, விமானத்தில் நின்றுகொண்டு சொன்னால் எங்கள் ஊர்க் காதுக்குக் கணக்கு சரி என்றுதான் விழும். கூடிப்போயிருந்தால் நாங்கள் ஓவர் வெயிட் என்றிருப்போம். அந்தச் சென்னைக்காரருக்கும் அப்படித்தான் விழுந்திருக்கிறது. ஒரே மொழி என்று நம்பி உட்கார்ந்தோம், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மனிதரைக் கொலைகாரர் ஆக்கினோம்.

ஆனால் தயாபரன் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தட்டைப் பார்த்தபடி இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை.

"அண்ணை, உங்களுக்கு விளங்கினதுதானே?" என்றாள் வதனி.

"விளங்கினது" என்றார்.

"அவர் அப்பிடிச் சொல்ல நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தாங்கும் எண்டனான். ரஷ்யன் பிளேன், தாங்கும் எண்டு. முந்தியும் கூட ஏத்தினதுதானே வதனி, ஒரு நாளும் ஒண்டும் நடக்கேல்லை. இந்தா, ஐயாவைக் கேள். ஐயாவும் தாங்கும் எண்டுதான் சொன்னவர்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தாங்கும் என்று நான் சொன்னது உண்மை. அந்தத் தாங்கும் சக்தியைக் கட்டியவர்கள் எதற்காக வைத்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை. சைபீரியக் குளிரில் காற்று கனமாக இருக்கும், இறக்கையைத் தூக்கிப் பிடிக்கும். வெயிலில் காற்று மெலிந்துவிடும், ஜெட்டின் உந்துதலும் குறையும். அதற்காகத்தானே எங்கள் படைக்கென்று பெரிய இயந்திரத்தைப் பொருத்திப் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். காரில் அந்தக் கதையையும் வாய் வலிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் மாடு மாதிரி என்றேன். தன் மனச்சாட்சிக்கு மருந்து கேட்டவருக்கு நான் சர்க்கரை கொடுத்திருக்கிறேன்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் என்ரை மனுசனிலை பழியைப் போட விட்டனீங்கள்" என்றாள் வதனி. குரல் உயரவில்லை.

"நானா ஒண்டும் சொல்லேல்லை, வதனி. அவங்கள்தான் அப்பிடி எழுதினவங்கள், நானும் ஓம் எண்டிட்டன். கம்பெனியும் போய் நானும் உள்ளுக்குப் போனால் உன்னை ஆர் பாக்கிறது?"

அவள் நினைப்பில் வேறெங்கோ போய்விட்டிருந்தாள். "அப்ப அவருக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "ஒண்டும் தெரியாமல்தான் போனவர் எண்டு நான் நினைச்சன். இல்லை. பாரம் கூட எண்டு தெரிஞ்சுதான் உக்காந்திருந்தவர். நீங்கள் சொன்னபடியால் ஏறினவர்."

அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் சாப்பிடவில்லை. நான் பேருந்து பிடித்து விடுதிக்குப் போனேன்.

விடிந்ததும் ஹெலனைக் கூப்பிட்டு, நான் சொன்ன அர்த்தம் தவறு, யாழ்ப்பாணப் பேச்சில் அது எடை கூடிப்போனது என்று பொருள் என்றேன். இரண்டு தமிழர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு, அதில் ஒருவர் மறுநாள் மாற்றிச் சொன்னால் எதை எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பேச்சு வழக்கிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் வந்து கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார். ஒருவர் இருக்கிறார், ஆனால் இறந்தவரின் மனைவி என்றேன். அழைத்து வாருங்கள், சொல்வதைப் பதிவு செய்துகொண்டு இன்னொருவரிடமும் சரிபார்க்கிறோம் என்றார்.

வதனி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தாள். அண்ணனிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன் என்றாள். ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விமானத்தின் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டாள். சுவரோரமாக மடக்கு நாற்காலிகள், நடுவில் சரக்கு, சத்தம் காதைப் பிளக்கும் என்றேன்.

"யன்னல் இருக்குமோ ஐயா?"

"கதவுல இருக்கும்மா. சின்னதா, வட்டமா."

"அப்ப வெளியிலை பாத்திருப்பார்."

இருக்கலாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றுவரை தெரியவில்லை.

அலுவலகத்தில் அவள் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டாள். ரஷ்யக் குரல்கள் ஓடும்வரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் மாறியது. அவர் குரல் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு தரம் போடச் சொன்னாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அந்த நீண்ட மௌனம் வரும் இடத்தில் கையைக் காதின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அண்ணன் பேசியது கேட்டுவிடாதா என்று பார்த்தாளோ என்னவோ. அதில் எதுவும் கேட்காது.

ஹெலன் சொன்னார்: "நீங்கள் சொல்வது உங்கள் சகோதரருக்கு எதிராகப் போகும். உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்."

வதனி ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"சொல்லுங்கோ ஐயா இவவுக்கு. அவர் பாரம் கூட எண்டு சொன்னவர். அண்ணை அதைக் கேட்டவர். எழுதச் சொல்லுங்கோ."

இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் அவளிடம் திருப்பிக் கேட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெளியே வந்தோம். சாம்பல் நிறத்தில் தூறிக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்திவிட்டு, நனைந்தபடி தயாபரன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. வதனி அவர் முன்னால் போய் நின்றாள்.

"எழுதிக் குடுத்திட்டன் அண்ணை."

"ஓம்" என்றார் அவர். "சாப்பிட்டனியே?"

"இல்லை."

"சரி, ஏறு. வீட்டிலை விடுறன்."

தன் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வதனி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு பின் கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டாள்.